ஆற்றில் எடுத்த கல் என்ன கல்? சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் பிளஸ் ஆற்றிலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் எடுத்த கற்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது நம் வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் கற்பித்தபோது மாணவர்கள் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசியில் படம் அனுப்புகிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: ஒரு கல் எது என்று சொல்ல, அது எங்கே கிடந்தது என்பதும் கல்லைப் போலவே தேவை.

கரையில் விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எடுக்காதீர்கள். அது கிடந்த நிலையிலேயே முதலில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு 20 சென் காசையோ அளவுகோலையோ வைத்து இன்னொரு படம். பிறகு பத்தடி பின்னால் போய், கரை முழுவதும் தெரியும்படி மூன்றாவது படம். கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துச் சேமியுங்கள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, அது மணல்திட்டின் மேல் தளர்வாகக் கிடந்ததா, கரையை ஆறு அரித்த இடத்தில் மண்ணடுக்குக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்ததா என்பது. தளர்வாகக் கிடந்தால் மேலே மலைவரை எங்கிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். அடுக்குக்குள் புதைந்திருந்தால் அந்த அடுக்கின் வயதும் தன்மையும் கல்லோடு சேர்ந்து நமக்குக் கிடைக்கின்றன. அப்படிப்பட்டதைத் தோண்டி எடுத்துவிட்டால் அந்தச் செய்தி என்றென்றைக்கும் போய்விடும். நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான். அருமையான பொருள் கையில் இருக்கும், "எங்கே எடுத்தீர்கள்?" என்றால், "அந்தப் பக்கம், ஆற்றில்" என்ற பதில்தான் வரும்.

நம் ஆறுகளில் இத்தனை விதமான கற்கள் எப்படி வந்தன?

கிழக்கே தெரியும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். பூமிக்குள் உருகிய குழம்பாக இருந்து சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியது. அதைவிட மூத்தவை சுற்றிலும் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு, ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை கடலடியில் படிந்தது. சூடான கருங்கல் குழம்பு இந்தப் பழைய பாறைகளுக்குள் புகுந்த இடங்களில்தான் வெள்ளீயம் (இங்கே நாம் ஈயம் என்று சொல்வது இதைத்தான்), டூர்மலின், புஷ்பராகம், டங்ஸ்டன் தாதுவான வுல்பிரமைட் எல்லாம் உருவாயின.

பிறகு மழையும் வெப்பமும் கருங்கல்லை மண்ணாக்கின. ஆறு அதை அள்ளி வந்தது. இலேசான களிமண் கடலுக்குப் போனது. கனமானவை சுண்ணாம்புப் பாறையின் பள்ளங்களில் தங்கின. இந்த ஒரு காரணத்தால்தான் கிந்தா உலகின் பெரிய ஈய வயல்களில் ஒன்றானது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் ஈயலம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒன்றன்பின் ஒன்றாக மூடின. குட்டைகளும் மணல்மேடுகளும் மிஞ்சின. இன்று நீங்கள் ஆற்றில் எடுக்கும் கல், மலையிலிருந்து நேராக வந்ததாகவும் இருக்கலாம். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு லம்பத்தில் தோண்டிக் கொட்டிய மேட்டிலிருந்து கரைந்து வந்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் பழைய லம்பம் ஏதும் இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவையுங்கள். அதுவும் ஓர் ஆதாரம்.

ஐயா, கறுப்பாக இருக்கிறது. அளவுக்கு மீறிக் கனக்கிறது. ஈயக்கல்லா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஈயக்கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு; ஆனால் கறுப்பாகவும் கனமாகவும் இருப்பவை நம் மண்ணில் பல. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அடர்த்தியை அளக்க வேண்டும், அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடை என்று.

ஈயத்தின் தாதுவான காசிட்டரைட்டுக்கு அடர்த்தி 6.8 முதல் 7.1 வரை. வுல்பிரமைட் இன்னும் சற்றுக் கூடுதல், 7.1 முதல் 7.5. இரும்புத் தாதுக்களான மேக்னடைட்டும் ஹெமடைட்டும் 5.2, 5.3 அளவில் நிற்கும். இல்மனைட் சுமார் 4.7. கறுப்பு டூர்மலின் வெறும் 3.0 முதல் 3.2. சாதாரண வெண்கல்லான குவார்ட்ஸ் 2.65. கையில் தூக்கிப் பார்த்தால் 3-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு தெரியும். 5-க்கும் 7-க்கும் உள்ளது தெரியாது. அதனால் அளந்தே பாருங்கள்.

வீட்டில் அடர்த்தியை அளக்க முடியுமா?

மாவு நிறுக்கும் மின்தராசு இருந்தால் போதும். முதலில் காய்ந்த கல்லை நிறுத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல், வழியாத அளவுக்குத் தண்ணீர் உள்ள பாத்திரத்தை வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் நீரில் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் கல்லின் பருமன். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி.

எடுத்துக்காட்டாக, காய்ந்த எடை 210 கிராம், நீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 30 என்றால், அடர்த்தி 7.0. காசிட்டரைட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. அதே 210 கிராம் கல்லுக்குத் தராசு 79 காட்டினால் 2.66, அது குவார்ட்ஸ். இருபது கிராமுக்குக் குறைவான கல்லுக்கு வீட்டுத் தராசு நம்பத்தக்க விடை தராது. துளைகள் நிறைந்த கல்லானால் உள்ளே காற்று சிக்கிக்கொண்டு அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். இரவு முழுவதும் ஊறவைத்துவிட்டு அளக்கலாம்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் தேர்வுக்கு மட்டும் உரியதல்ல என்று அவர்கள் கண்ணால் காண்பார்கள்.

வேறு என்ன சோதனைகள் செய்யலாம்?

காந்தம். ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லை அதன் அருகே கொண்டுபோங்கள். தாவி ஒட்டினால் மேக்னடைட். அல்லது மனிதன் செய்த இரும்பு. காந்தம் இலேசாக மட்டும் அசைந்தால் இல்மனைட்டாக இருக்கலாம். தூய காசிட்டரைட்டைக் காந்தம் கண்டுகொள்ளாது.

கோடு. குளியலறை ஓட்டின் பின்புறம் பளபளப்பில்லாமல் இருக்குமே, அதில் கல்லை அழுத்தி இழுங்கள். செங்கல் சிவப்பில் கோடு விழுந்தால், கல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அது ஹெமடைட். மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் துருக்கல் வகை. காசிட்டரைட்டின் கோடு வெளுப்பாக அல்லது மிக வெளிர் பழுப்பாக இருக்கும். கடினமான தாது என்பதால் சில நேரம் கோடே விழாமல் ஓடுதான் கீறப்படும்.

வடிவம். டூர்மலின் நீளவாக்கில் கோடுகள் ஓடும் குச்சியாக வளரும். உடைந்த முனையைப் பார்த்தால் பக்கங்கள் வளைந்த முக்கோணம். இதைக் கண்டுவிட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

துத்தநாகச் சோதனை என்று ஒன்று உண்டு. ஈயத் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்கு தெரிந்தது. துத்தநாகத் துண்டின்மேல் தாதுவை வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், சில நிமிடங்களில் காசிட்டரைட்டின்மேல் வெள்ளி நிறத்தில் ஈயப் பூச்சு படியும். துணியால் தேய்த்தால் மின்னும். இதைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் உடன் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

ஒன்றை மறக்காதீர்கள். எலும்பு, பல், நத்தை ஓடு என்று ஐயம் உள்ள எதன்மேலும் அமிலம் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறுகூடப் படக் கூடாது.

இவற்றில் எதிலும் சேராத, கண்ணாடியையும் கீறும் கறுப்புக் கல் கிடைத்திருக்கிறதே?

கண்ணாடியைக் குவார்ட்ஸும் கீறும், டூர்மலினும் கீறும். குவார்ட்ஸையும் அது கீறினால்தான் செய்தி. கிந்தா பள்ளத்தாக்கில் டூர்மலினும் குருந்தமும் கலந்த பாறைத்துண்டுகள் கிடைக்கின்றன. குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்டது, அடர்த்தி 4. அன்றைய மலாய் நாட்டு அரசாங்க நிலவியலாளர் ஸ்கிரிவெனர் 1910-இலேயே இந்தப் பாறைகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகள்தாம் என்பது உண்மை. ஆனால் இங்கே கிடைப்பது ஒளி புகாத, சாம்பல் அல்லது கறுப்பு நிறப் பாறை, நகைக்கு ஆகாது. ஆனாலும் என் மேசையில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு கல்தான் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆமாங் மணலைப் புட்டியில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறோம். ஆபத்தா?

ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கனமான மணல்தான் ஆமாங். அதில் இல்மனைட், சிர்கோன், மோனசைட், செனோடைம் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது கதிரியக்கம் உள்ளது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஆலையை எதிர்த்து ஊர்மக்கள் நடத்திய நெடிய வழக்கைப் பலரும் அறிவார்கள். ஒரு சிட்டிகை மணல் மூடிய புட்டியில் இருப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், தூசியைச் சுவாசிக்காதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள், சிறு பிள்ளைகள் விளையாட விடாதீர்கள்.

ரொட்டித் துண்டுகளை நெருக்கி அடுக்கியதைப் போன்ற ஒரு கறுப்புக் கட்டி. பக்கவாட்டில் வரிவரியாக இருக்கிறது. இது என்ன?

இப்படி ஒரு படம் வந்தால் என் இதயம் வேகமாக அடிக்கும். அது பெரும்பாலும் யானையின் கடைவாய்ப் பல்.

யானைப் பல் நம் பல்லைப் போன்றதல்ல. தட்டைத் தட்டையான பல்லெனாமல் தகடுகள் வரிசையாக நின்று, இடையிடையே பற்காரையால் ஒட்டப்பட்டிருக்கும். மெல்லும் பரப்பை மேலிருந்து பார்த்தால் குறுக்காக நீண்ட வளையங்கள் அணிவகுத்திருப்பது தெரியும். ஆசிய யானைக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்திலும் வாழ்நாளில் ஆறு கடைவாய்ப் பற்கள், ஒன்று தேயத் தேய அடுத்தது பின்னாலிருந்து முன்னே நகர்ந்து வரும். கடைசிப் பல்லில் இருபதுக்கும் மேற்பட்ட தகடுகள் இருப்பது உண்டு. பல் தனித்தனித் தகடுகளாகப் பிரிந்தும் ஆற்றில் கிடைக்கும். அப்போது தட்டையான விசித்திரக் கல் என்று நினைத்து எறிந்துவிடுவார்கள்.

இனி அடுத்த கேள்வி: எந்த யானை? நம் காடுகளில் இன்றும் யானை உண்டு. சென்ற நூற்றாண்டில் இறந்த யானையின் பல்லாகவும் இருக்கலாம். மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் எலும்பை விரைவில் கறுப்பாக்கிவிடும் என்பதால், கறுப்பாக இருப்பது பழமைக்குச் சான்று ஆகாது. ஆனால் மிகப் பழையதாகவும் இருக்கக்கூடும். நேரான தந்தம் கொண்ட, அழிந்துபோன நமாதிக்கஸ் யானையின் பல் பேராக்கில் கிடைத்ததாக 1905-இலேயே பதிவு இருக்கிறது. 1962-இல் டச்சு ஆய்வாளர் ஹோய்யர், ஈப்போவுக்கு அருகே தம்புனில் சுண்ணாம்புக் குகை ஒன்றின் ஈயப் படிவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து வெளியிட்டார். அதே நமாதிக்கஸ் யானை அதில் இருந்தது. அதோடு நீர்யானையும் இருந்தது. இன்று ஆப்பிரிக்காவில் மட்டும் இயற்கையாக வாழும் நீர்யானையின் இனம் ஒரு காலத்தில் நம் கிந்தாவில் குளித்திருக்கிறது.

ஸ்டெகோடான் என்ற இன்னொரு பழைய யானை இனமும் உண்டு. அதன் பல்லில் உயரமான மெல்லிய தகடுகள் இருக்காது. தாழ்வான, கூரை வடிவ முகடுகள் இடைவெளி விட்டு நிற்கும். மலேசியாவின் முதல் ஸ்டெகோடான் பல் கோப்பெங் பகுதிச் சுண்ணாம்புக் குகையில் கிடைத்ததை மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2019-இல் அறிவித்தது. கோப்பெங் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவுதான். முகடுகளின் உயரமும் எண்ணிக்கையும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஈரமான சேற்றிலிருந்து எடுத்த பல்லை வெயிலில் காய வைக்காதீர்கள். தகடுகள் வெடித்துப் பிரிந்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் போட்டு, நிழலில் வைத்து, எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் உரியவர்களிடம் சேருங்கள். பிரஷ் போட்டுத் தேய்ப்பது, வார்னிஷ் பூசுவது, உடைந்ததைப் பசையால் ஒட்டுவது எதுவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணையும் கழுவாதீர்கள். அந்த மண்ணில்தான் வயதைச் சொல்லும் தடயம் இருக்கும்.

பற்கள் மட்டும் கிடைக்கின்றன. எலும்புக்கூடு ஏன் கிடைப்பதில்லை?

நம் மண் புளிப்பானது. மழை ஓயாமல் ஊறுவதால் எலும்பு சில ஆண்டுகளில் கரைந்துவிடும். பல்லெனாமல் மட்டும் தாங்கும். எலும்பு நிலைக்க வேண்டுமானால் சுண்ணாம்பு வேண்டும். அதனால்தான் பேராக்கின் பழைய எலும்புகள் பெரும்பாலும் குகைகளிலிருந்து வந்தவை. குகையில் இருந்தது மழையில் அடித்துவரப்பட்டு ஓடைக்கு வருவதும் உண்டு. நீங்கள் எலும்பு எடுத்த ஓடைக்கு மேலே குன்று இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கல்லா எலும்பா என்று பார்க்க, உடைந்த பக்கத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். எலும்பின் உள்ளே வலைப்பின்னலாக நுண்துளைகள் இருக்கும். நாக்கில் வைத்தால் ஒட்டும் என்று சிலர் சொல்வார்கள். நுண்துளையுள்ள பழைய எலும்பு ஒட்டுவது உண்மைதான். ஆனால் எலிச் சிறுநீர் கலந்த ஆற்றுநீரால் வரும் காய்ச்சல் உயிரையே எடுக்கும். அதை யாரும் செய்ய வேண்டாம்.

மனிதப் பல் போலவே இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் காட்டுப்பன்றியின் பல். பன்றியும் மனிதனும் எல்லாம் தின்பவர்கள் என்பதால் கடைவாய்ப் பற்களில் மேடுகள் ஒத்திருக்கும். பன்றிப் பல்லில் சிறு குமிழ்கள் மிகுதி, கடைசிப் பல் நீளம். ஆனால் மனிதருடையது என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பழைய கல்லறை என்றால் அவர்களே உரியவர்களுக்குத் தெரிவிப்பார்கள்.

நீளமான நத்தை ஓடுகள் கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கின்றன. கடல் நத்தையா?

நம் குன்றுகள் கடலடியில் பிறந்தவை என்பதால் உண்மையான கடல் உயிர்கள் அவற்றில் உண்டு. கம்பாருக்கு அருகே எச்.எஸ். லீ 8-ஆம் எண் லம்பத்தில் பெர்மியன் காலக் கடல் நத்தைகளும் சுருள் சங்குகளும் ஏராளமாகக் கிடைத்தன. அந்த வட்டாரப் பாறை அடுக்குகளை வகைப்படுத்தி 1968-இல் எழுதியவர் சுந்தரலிங்கம் என்ற நிலவியலாளர். நம் பிள்ளைகள் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இப்படிப்பட்ட கடல் நத்தைகள் பாறைக்குள்ளேயே, பாறையின் நிறத்திலேயே இருக்கும், பெயர்த்தெடுக்க முடியாது.

குகை வாயிலருகே சுண்ணாம்பில் ஒட்டிக் கிடக்கும் நீள ஓடுகள் வேறு. நுனியைப் பாருங்கள். எல்லா ஓட்டின் நுனியும் உடைந்திருந்தால் அவை மனிதர் தின்றுவிட்டுப் போட்டவை. ஆற்று நத்தையின் நுனியை உடைத்துச் சதையை உறிஞ்சித் தின்பது இன்றும் இங்குள்ள வழக்கம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் அப்படித்தான். லெங்கோங்கில் 1991-இல் அகழ்ந்தெடுத்த பேராக் மனிதன் என்னும் கற்கால மனிதரின் உடலைச் சுற்றிலும் இதே ஆற்று நத்தை ஓடுகள் வைக்கப்பட்டிருந்தன. அதனால் நுனி உடைந்த ஓட்டுக் குவியலைக் கண்டால் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். அந்த இடமே தொல்லியல் இடம்.

சாளக்கிராமம் கிடைத்தது என்று சொல்கிறார்கள். இங்கே கிடைக்குமா?

சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது. இமயமலை எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர், கறுப்புக் களிப்பாறை உருண்டைக்குள் பதிந்தது, ஜுராசிக் காலத்தது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலத்தின் கல் அது. நம் ஆறுகளின் நீர்ப்பிடிப்பில் அந்தப் பாறை இல்லை. இங்கே அந்தப் பெயரில் என்னிடம் வருபவை வழவழப்பான கறுப்புச் சுண்ணாம்புக் கற்கள், டூர்மலின் படிந்த குவார்ட்ஸ், வட்டவட்டமாக வளர்ந்த துருக்கல். பூசை மாடத்தில் வைத்தவர் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆற்று நீர் உருட்டிய கல்லை வணங்குவது அவரவர் பக்தி. சாளக்கிராமம் என்று சொல்லி ஒருவர் உங்களிடம் பணம் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

நாகரத்தினம்?

இல்லை. பாம்பின் தலையில் எந்தக் கல்லும் வளர்வதில்லை. விற்பனைக்கு வருபவை கண்ணாடி, பிளாஸ்டிக், பளபளக்கும் புளோரைட். முள்ளம்பன்றியின் கெலிகா என்று விற்கப்படுவதும் ஆற்றுக்கல் அல்ல. விலங்கின் வயிற்றில் திரள்வது. அதற்காக உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம்.

விண்கல்லாக இருக்குமோ?

துளைதுளையாக இருந்தால் நிச்சயம் இல்லை என்றே சொல்லலாம். விண்கற்களில் குமிழித் துளைகள் அரிது. நம் ஊரில் துளையுள்ள கனமான கறுப்புக் கட்டி என்றால் பட்டறைக் கசடு, ஈயம் உருக்கிய கசடு, அல்லது நீராவி ரயில் ஓடிய காலத்தில் எரிந்த நிலக்கரியின் கசடு. தண்டவாளத்துக்கு அருகில் எடுத்ததா என்று பாருங்கள்.

இன்னொரு பொருள் உண்மையிலேயே வானத்தோடு தொடர்புடையது: டெக்டைட். ஏறத்தாழ 7,90,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய விண்கல் ஒன்று மோதியதில் உருகித் தெறித்த கண்ணாடி, தென்கிழக்கு ஆசியா முழுவதும் ஆஸ்திரேலியா வரையிலும் சிதறிக் கிடக்கிறது. பகாங்கின் ஈய மண்ணிலும் கிடைத்திருக்கிறது. கறுப்பு நிறம், மேலெல்லாம் சிறு குழிகளும் நெளிகோடுகளும், மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாக ஒளி ஊடுருவும். அடர்த்தி சுமார் 2.4, ஆகவே கனமாக இருந்தால் அது டெக்டைட் அல்ல.

கல்மரம்?

மரத்தின் வளையங்களும் நார்களும் தெரிய, கத்தியால் கீற முடியாமல் இருந்தால் கல்மரம்தான். தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும். கீற முடிந்தால், ஆற்றுச் சேற்றில் நெடுங்காலம் கிடந்து கறுத்த மரம்.

பளபளப்பாகத் தீட்டிய உளி போன்ற கல் கிடைத்தது. மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் பாத்து லிந்தார், இடி விழுந்த கல் என்றார்.

அது புதிய கற்காலக் கோடரி. ஒரு முனை கூர்மையாகச் சரித்துத் தீட்டப்பட்டிருக்கும். பக்கங்கள் சமமாக இருக்கும். எந்த ஆறும் கல்லை அப்படிச் செய்யாது. ரப்பர் கன்று நடக் குழி வெட்டியபோதும் இவை கிடைத்திருக்கின்றன. அந்தப் பெரியவரிடம் எங்கெங்கே பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். அத்தகையவர்களின் நினைவு மிகுந்த பயன் தரும். நம் மாநிலத்து மண்ணில் கல் மட்டுமல்ல, வெண்கலமும் இருக்கிறது. பீடோரில் 1936-இல் ஈயலம்பத்தில் கிடைத்த எட்டுக் கர அவலோகிதேஸ்வரர் என்னும் பௌத்தச் சிலை 79 சென்டிமீட்டர் உயரம்.

துருப்பிடித்த உலோக உருளை எதையாவது கண்டால் மட்டும் நெருங்காதீர்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளோடு இந்தக் காடுகளில் நடந்த சண்டையின் குண்டுகள் இன்னும் இருக்கக்கூடும். தள்ளி நின்று காவல்துறையை அழையுங்கள்.

கிடைத்ததை நானே வைத்துக்கொள்ளலாமா? விற்கலாமா?

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி (சட்டம் 645), மரபுடைமை மதிப்பு உள்ளது என்று நம்பக் காரணமுள்ள பொருளைக் கண்டெடுப்பவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ அவருடைய அதிகாரிக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டும். கற்கோடரி, சிலை, பழைய எலும்பு கிடைத்தால் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். வியாபாரிக்கு முதலில் காட்டாதீர்கள்.

சாதாரணக் கூழாங்கல் ஒன்றிரண்டைப் பையில் போட்டுக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஆற்றில் மணலோ கல்லோ விற்பனைக்கு அள்ள நில அலுவலக அனுமதி வேண்டும். டூலாங் தட்டு வைத்து ஈயம் அரிக்கவும் உரிமம் தேவை. தோட்டத்துக்குள் என்றால் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, கையளவு காசிட்டரைட்டுக்குப் பெரிய காசு கிடைக்காது. யானைப் பல்லுக்கு யாராவது பெரிய விலை சொன்னால், அவர் சொல்வது சட்டத்துக்குப் புறம்பான விற்பனை.

வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமே?

வெட்டாதீர்கள். வெட்டுவது அடையாளம் தெரிந்தபின் ஆய்வகம் செய்ய வேண்டிய வேலை.

யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

கனிமம், பாறை, கடலுயிர்ப் படிவம் என்றால் ஈப்போவில் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் உள்ள கனிம, புவி அறிவியல் துறை. அதே வளாகத்தில் நிலவியல் அருங்காட்சியகமும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய் நம் மாநிலத்துத் தாதுக்களைக் கண்ணால் காட்டுங்கள். புத்தகப் படம் பார்த்துக் கற்பதைவிட அது எத்தனையோ மேல். கற்கருவி, மனித எச்சம் என்றால் லெங்கோங் தொல்லியல் அருங்காட்சியகம். அந்தப் பள்ளத்தாக்கு 2012 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளம். விலங்குப் பல், எலும்பு என்றால் மலாயாப் பல்கலைக்கழக நிலவியல் துறை. நேரில் போவதற்கு முன் படங்களை அனுப்புங்கள்.

பிள்ளைகள் ஆற்றில் கல் தேடப் போகலாமா?

பெரியவர் துணையோடு போகலாம். போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். மலைப்பக்கம் வானம் இருண்டால் இங்கே வெயில் அடித்தாலும் உடனே கரையேறுங்கள். கெப்பாலா ஆயிர் என்று இங்கே எல்லாரும் சொல்லும் மேல்நீர், அதாவது மலையிலிருந்து திடீரென வரும் வெள்ளம், ஒலி கேட்ட சில நொடிகளில் வந்துவிடும். அரித்துக் குடைந்த கரையின் கீழே நின்று தோண்டக் கூடாது. பழைய லம்பக் குட்டைகளுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. விளிம்பு வழுக்கும், முதல் அடியிலேயே ஆழம். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். சப்பாத்து அணிந்து போங்கள்.

படம் அனுப்பினால் நீங்கள் சொல்வீர்களா?

சொல்ல முயல்வேன். கல்லின் ஆறு பக்கங்களுக்கும் ஆறு படங்கள், இயற்கை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அளவுகோல் பக்கத்தில். காய்ந்த நிலையில் ஒன்று, நனைத்து ஒன்று; எலும்போ பல்லோ என்றால் நனைக்காமல். காய்ந்த எடை, நீரில் தொங்கவிட்டபோது காட்டிய எண், காந்தத்தின் விடை, ஓட்டில் விழுந்த கோட்டின் நிறம். எடுத்த நாள், ஆற்றின் பெயர், எந்தப் பாலத்துக்கு மேலே அல்லது கீழே, மணலிலா மண்ணடுக்கிலா என்பது. கடைசியாகச் சொன்னது இல்லாமல் வரும் படங்களுக்கு நான் முதலில் அனுப்பும் பதில், அந்தக் கேள்வியாகவே இருக்கும்.